ஓய்வூதியக்காரரின் மகன்: அம்பேத்கரும் உழைப்பவரின் முதுமையும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் ஷிப்ட் மாறும் வேளையில் ஆலை வாயிலருகே நின்று பார்த்தால், தொழிலாளர்களின் கழுத்தில் இரண்டு வகை அடையாள அட்டைகள் தென்படும். சிலவற்றில் ஆலையின் பெயர் இருக்கும். பலவற்றில் ஒப்பந்ததாரரின் பெயர் மட்டுமே இருக்கும். இருவரும் ஒரே கூரையின்கீழ், சில வேளைகளில் ஒரே இயந்திரத்தின் இருபுறமும் நின்று உழைப்பவர்கள். ஆயினும் அறுபது வயதை நெருங்கும்போது அவர்கள் வாழ்வு இருவேறு திசைகளில் பிரிந்துவிடுகிறது.

பணிக்கொடை கேட்டு வரும் தொழிலாளரிடம் வழக்கறிஞர் முதலில் கேட்கும் கேள்வி, எத்தனை ஆண்டுகள் யாரிடம் வேலை செய்தீர்கள் என்பதுதான். எத்தனை ஆண்டுகள் என்பதற்கு அவரிடம் தெளிவான பதில் உண்டு. யாரிடம் என்பதற்கோ பதில் சொல்ல முடியாமல் தடுமாறுவார். ஒரே ஆலைக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்று வந்தவரின் பி.எஃப். பதிவுகளில் மூன்று, நான்கு ஒப்பந்ததாரர்களின் பெயர்கள் இருக்கும். இடையிடையே காரணமின்றி இடைவெளிகளும் இருக்கும். ஆலை உரிமையாளரின் முதுமை நிலத்திலும் இயந்திரத்திலும் வங்கி இருப்பிலும் வாரிசுகளிடத்திலும் பத்திரமாக இருக்கிறது. தொழிலாளரின் முதுமையோ ஒரு பணிப்பதிவேட்டை மட்டுமே நம்பியிருக்கிறது. அந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லையென்றால், உழைத்த ஆண்டுகள் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன.

திருவள்ளூர் மாவட்டத்தின் சேரிகளில் அண்ணல் அம்பேத்கரின் சிலைகள் பல நிற்கின்றன. கையில் அரசமைப்புச் சட்டத்தை ஏந்திய அந்த உருவத்தை நாம் நன்கு அறிவோம். வேலை, கூலி, பணிப் பாதுகாப்பு, முதுமை ஆகியவற்றைத் தம் வாழ்விலேயே அனுபவித்து, பின்னர் அவற்றுக்குச் சட்ட வடிவம் தர முயன்ற அம்பேத்கரை அந்த அளவுக்கு அறியோம். அந்த வாழ்வை உழைப்பின் வழியே மீண்டும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுபேதாரின் ஓய்வூதியம்

அம்பேத்கர் 1891 ஏப்ரல் 14 அன்று மோவ் படைமுகாமில் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் பிரித்தானிய இந்தியப் படையில் சுபேதார் நிலையில் இருந்தவர். படைப்பள்ளியில் ஆசிரியராகவும் பணியாற்றியவர். கிராமத்தில் மகர் ஒருவருக்கு விதிக்கப்பட்ட வேலை, ஊருக்குப் பொதுவான குற்றேவல். அதற்கு வேலைநேரமும் கிடையாது, நிலையான ஊதியமும் கிடையாது, ஓய்வும் கிடையாது. படையில் சேர்ந்த மகருக்கோ மாதச் சம்பளமும், பதவி உயர்வும், இறுதியில் ஓய்வூதியமும் கிடைத்தன. படைவீரர் குழந்தைகளுக்குக் கட்டாயக் கல்வியும் கிடைத்தது. உலகமறிந்த ஓர் அறிஞர் உருவானதற்குப் பின்னால், காலம் தவறாமல் வந்த ஒரு சம்பளமும் ஓய்வூதியமும் இருந்தன என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அதே காலத்தில் அந்த வாயிலும் அடைக்கப்பட்டது. 1890களின் தொடக்கத்தில், போர்க்குணம் கொண்ட இனங்கள் என்ற கோட்பாட்டைக் காட்டி மகர்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கில அரசு நிறுத்தியது. ஓய்வுபெற்ற படைவீரரான கோபால் பாபா வலங்கர் அம்முடிவை எதிர்த்து விண்ணப்பம் எழுதினார். பலன் ஏதும் கிட்டவில்லை. ஓய்வுபெற்ற ராம்ஜி, பெரிய குடும்பத்தை நடத்தச் சாத்தாரா பக்கம் மீண்டும் ஒரு வேலை தேடினார். கோரேகாவில் காசாளராக இருந்தார். ஒரு சமூகத்திற்குத் திறந்த ஒரே பணிப் பாதுகாப்பின் கதவு ஓர் அரசாணையால் மூடப்படலாம் என்பதைக் கண்முன் கண்ட தலைமுறையில் அம்பேத்கர் வளர்ந்தார்.

அவர் பிறந்த அதே 1891இல், செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் அம்மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்துத் தம் அறிக்கையை எழுதினார். நிலமின்மையே அவர்களின் அடிமைத்தனத்திற்கு வேர் என்பதை அது காட்டியது. அதன் விளைவாக 1892இல் பஞ்சமி நில ஒதுக்கீட்டு ஆணை வந்தது. இன்றைய திருவள்ளூர் மாவட்டம் 1997 வரை அந்தச் செங்கற்பட்டின் பகுதியாகவே இருந்தது. மேற்கே படைவேலை பறிபோன காலத்தில், இங்கே நிலம் என்ற பாதுகாப்பு காகிதத்தில் வழங்கப்பட்டது. அந்த நிலங்களில் பெரும்பகுதி பின்னர் கைமாறிப் போன கதையை நம் இயக்கங்கள் நன்கறியும்.

பதினொரு நாள் வேலையும் மூடப்பட்ட நிறுவனமும்

1913இல் தந்தை இறந்தார். பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட்டின் உதவித்தொகையுடன் அவ்வாண்டே அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். படிப்பு முடிந்ததும் பரோடா அரசில் பத்தாண்டுகள் பணிபுரிய வேண்டும் என்பது ஒப்பந்தம். 1917இல் அவர் பரோடாவுக்குச் சென்றபோது, அப்பணி அன்றைய இந்தியாவில் எவரும் விரும்பக்கூடிய உயர்பணியாக இருந்தது.

ஆனால் அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்களும் அவரைத் தீண்ட அஞ்சிக் கோப்புகளைத் தூர நின்று எறிந்தனர். தங்க வீடு கிடைக்காமல் பார்சி விடுதியொன்றில் அடையாளத்தை மறைத்துத் தங்கினார். பதினோராம் நாள், தடிகளுடன் வந்த கூட்டம் அவரை அங்கிருந்து வெளியேற்றியது. ஒரு பொதுப் பூங்காவில் மரத்தடியில் அமர்ந்து ரயிலுக்காகக் காத்திருந்து அவர் பம்பாய் திரும்பினார். பணியமர்த்தல் ஆணை இருந்தது, தகுதி இருந்தது, மன்னரின் ஆதரவும் இருந்தது. இவை அனைத்தும் சேர்ந்தும் ஒரு தலித் அலுவலருக்குப் பணிப் பாதுகாப்பைத் தரவில்லை.

அடுத்து அவர் செய்தது பலரும் அறியாதது. பம்பாயில் பங்குச்சந்தை முதலீட்டாளர்களுக்கு ஆலோசனை வழங்கும் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். பொருளாதாரத்தில் அவருக்கு நிகரான பயிற்சி பெற்றவர்கள் அந்நகரில் மிகச் சிலரே. தொடக்கத்தில் வாடிக்கையாளர்கள் வந்தனர். நிறுவனத்தை நடத்துபவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வரவு நின்றது. நிறுவனம் மூடப்பட்டது.

வேலை தேடாதீர்கள், வேலை கொடுப்பவராகுங்கள் என்று இன்று கல்லூரி மேடைகளில் நம் மாணவர்களுக்கு அறிவுரை சொல்லப்படுகிறது. தொழில்முனைவு வேண்டாம் என்பது நம் வாதமன்று. சந்தை சாதியைப் பார்க்காது என்ற நம்பிக்கையுடன் அதில் இறங்குபவர், கொலம்பியாவில் படித்த ஒருவரின் நிறுவனமே ஏன் மூடப்பட்டது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். முதலும் உறவுவட்டமும் வாடிக்கையாளரின் நம்பிக்கையும் சாதிவழியே பங்கிடப்பட்டிருக்கும் சமூகத்தில், உரிமையாளர் என்ற நிலையும் எல்லோருக்கும் ஒரே அளவு பாதுகாப்பைத் தருவதில்லை.

1918இல் சிடென்ஹாம் கல்லூரியில் அவருக்குப் பேராசிரியர் பணி கிடைத்தது. அங்கும் ஆசிரியர் அறையின் தண்ணீர்க் குடத்தைத் தொடுவதற்கு எதிர்ப்பு எழுந்தது. சேமித்த சம்பளம், கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி, நண்பர் நவல் பத்தேனாவிடம் பெற்ற கடன் ஆகியவற்றைக் கொண்டு 1920இல் மீண்டும் லண்டன் சென்றார். 1923இல் பாரிஸ்டராகத் திரும்பிப் பம்பாயில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். எந்த அதிகாரியும் பணிநீக்கம் செய்ய முடியாத தொழில் அது. வழக்குகள் எளிதில் வரவில்லை. ஆயினும் பொதுவாழ்வுக்கான சுதந்திரத்தை அதுவே தந்தது.

தறிக்கூடத்தின் கதவு

பம்பாயின் பஞ்சாலைகளில் தலித்துகள் திரளாக வேலை செய்தனர். ஆனால் அதிகக் கூலி கிடைத்த நெசவுப் பிரிவில் அவர்களுக்கு இடமில்லை. அறுந்த நூலை எச்சில் தொட்டு இணைக்க வேண்டியிருந்ததால், தீட்டுப் பட்டுவிடும் என்று சாதி இந்துத் தொழிலாளர்கள் அவர்களை அனுமதிக்கவில்லை. 1928ஆம் ஆண்டுப் பெரும் வேலைநிறுத்தத்தின்போது, இந்தத் தடையை நீக்குவதையும் கோரிக்கைகளில் சேர்க்க வேண்டும் என்று அம்பேத்கர் வலியுறுத்தினார். தொழிற்சங்கத் தலைவர்கள் தயக்கத்துடனேயே அதற்கு உடன்பட்டனர்.

நம் சென்னையிலும் இதற்கு இணையான காயம் உண்டு. 1921இல் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் ஏனையோருக்கும் இடையே பிளவு ஏற்பட்டது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் பலியாயின. எம்.சி. ராஜா ஆதிதிராவிடத் தொழிலாளர் பக்கம் நின்றார். வர்க்க ஒற்றுமை என்ற சொல் சாதியைப் பேசாமல் கடந்துபோகும் இடங்களில் எல்லாம் முதலாளிக்கே வெற்றி கிடைக்கிறது என்பதற்கு இவ்விரு நகரங்களும் சான்று.

1936இல் அம்பேத்கர் தொடங்கிய கட்சிக்கு அவர் இட்ட பெயர் சுதந்திரத் தொழிலாளர் கட்சி. சாதிப்பெயரைத் தாங்காமல் தொழிலாளர் என்ற பெயரைத் தாங்கியது அக்கட்சி. 1938 பிப்ரவரியில் மன்மாடில் நடந்த தலித் ரயில்வே தொழிலாளர் மாநாட்டில், பார்ப்பனியத்தையும் முதலாளித்துவத்தையும் உழைப்பவரின் இரு பகைகளாக அவர் அடையாளம் காட்டினார். இருப்புப்பாதைப் பராமரிப்பு வேலையிலேயே தலித்துகள் வாழ்நாள் முழுவதும் தேங்கிக் கிடப்பதையும், நிலைய அதிகாரிகள் சுமைகூலிகளை வீட்டுவேலைக்கும் பயன்படுத்துவதால் அந்தச் சிறு வேலைகூடத் தலித்துகளுக்கு மறுக்கப்படுவதையும் அங்கே எடுத்துரைத்தார்.

அவ்வாண்டே பம்பாய் மாகாணக் காங்கிரசு அரசு தொழிற்தகராறு மசோதாவைக் கொண்டுவந்தது. சமரச நடைமுறை முடியும் முன் வேலைநிறுத்தம் செய்வதை அது குற்றமாக்கியது. ஒருவர் தம் உழைப்பைத் தர மறுப்பதைக் குற்றமாக்கினால், அவரை விருப்பத்திற்கு மாறாக உழைக்க வைப்பதாகிவிடும். அது அடிமைமுறைக்கே இட்டுச் செல்லும் என்பது சட்டமன்றத்தில் அவர் முன்வைத்த வாதத்தின் சாரம். 1938 நவம்பர் 7 அன்று கம்யூனிஸ்டுகளும் சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் இணைந்து ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினர். கொள்கை வேறுபாடுகள் பல இருந்தும், தொழிலாளர் உரிமைக்காக இரு கொடிகளும் ஒரே களத்தில் நின்ற நாள் அது.

தொழிலாளர் துறையில் நான்கு ஆண்டுகள்

1942 ஜூலையில் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். 1946 வரை அப்பொறுப்பில் இருந்தார். பொறுப்பேற்ற சில வாரங்களில், 1942 ஆகஸ்டில், அரசும் முதலாளிகளும் தொழிலாளர்களும் பங்கேற்ற முத்தரப்பு மாநாடு டில்லியில் கூடியது. அதுவரை நடந்த மாநாடுகள் அரசுகள் தமக்குள் பேசிக்கொண்டவை. உரிமையாளரும் உழைப்பவரும் சம தகுதியுடன் ஒரே மேசையில் அமரும் முறை இங்கிருந்து நிலைபெற்றது.

இங்கு ஒரு திருத்தம் தேவை. பதினான்கு மணிநேர வேலையை எட்டு மணிநேரமாக அம்பேத்கர் 1942இல் குறைத்தார் என்று நம் சுவரொட்டிகளில் அடிக்கடி எழுதுகிறோம். 1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே நாளொன்றுக்குப் பத்து மணிநேரம், வாரத்திற்கு 54 மணிநேரம் என்ற வரம்பை விதித்திருந்தது. ஆண்டு முழுதும் இயங்கும் தொழிற்சாலைகளில் அந்த 54 மணிநேரம் 48ஆகக் குறைந்தது 1946ஆம் ஆண்டுத் திருத்தத்தால். அதை முன்னெடுத்தவர் அம்பேத்கர். உண்மையே போதுமான அளவு பெரிதாக இருக்கும்போது மிகைப்படுத்தல் நமக்குத் தேவையில்லை. நீதிமன்றத்தில் வாதாடும் எவரும் அறிவர், ஒரு தவறான தேதி முழு வாதத்தையும் பலவீனமாக்கிவிடும்.

பணிப் பாதுகாப்பைப் பொறுத்தவரை அக்காலத்தின் முதன்மையான சட்டம், 1946 ஏப்ரலில் நிறைவேறிய தொழில் நிறுவன நிலையாணைகள் சட்டம். வேலை நிபந்தனைகள் முதலாளியின் வாய்ச்சொல்லில் இருக்கக்கூடாது. அவை எழுதப்பட்டு, அதிகாரியால் சான்றளிக்கப்பட்டு, தொழிலாளர் படிக்கும் இடத்தில் ஒட்டப்பட வேண்டும் என்றது அது. யார் நிரந்தரத் தொழிலாளர், யார் தற்காலிகத் தொழிலாளர், யார் பதிலி என்பது முதல் பணிநீக்க நடைமுறை வரை அதில் அடங்கும். எழுத்தில் இல்லாத வழக்கங்களால் நசுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவருக்கு, எழுதப்பட்ட விதியின் அருமை தெரியாமல் இருக்குமா?

நோய்க்கும் முதுமைக்குமான காப்பீட்டுப் பணிகளும் அப்போதே தொடங்கின. 1943இல் பி.பி. அதார்கர் தொழிலாளர் நலக்காப்பீட்டுத் திட்டம் வகுக்கப் பணிக்கப்பட்டார். அவரது 1944ஆம் ஆண்டு அறிக்கையே இன்றைய இ.எஸ்.ஐ. திட்டத்தின் அடித்தளம். 1944இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நலநிதி உருவானது. 1943இல் ஒன்றியப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 விழுக்காடு இடஒதுக்கீடு வந்தது. தொழிற்சங்கங்களை முதலாளிகள் கட்டாயம் அங்கீகரிக்க வேண்டும் என்ற மசோதாவையும் அவ்வாண்டே அவர் முன்வைத்தார். அது 1947இல் சட்டமாகியும் நடைமுறைக்கு வரவே இல்லை.

இக்காலத்தின் குறைகளையும் மறைக்கலாகாது. போர்க்கால நிலக்கரித் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி, சுரங்கத்தின் அடியில் பெண்கள் வேலை செய்வதற்கு இருந்த தடை 1943இல் தளர்த்தப்பட்டது. துறையின் பொறுப்பாளர் என்ற முறையில் அம்முடிவை அவர் காக்க வேண்டியிருந்தது. 1946இல் தடை மீண்டது. மேலும், பெரும்பாலான தலித்துகள் உழைத்த வயல்கள் இந்தச் சட்டங்களில் பலவற்றுக்கு வெளியே நின்றன. 1948இல் நிறைவேறிய தொழிற்சாலைகள் சட்டம், குறைந்தபட்சக் கூலிச் சட்டம், இ.எஸ்.ஐ. சட்டம் ஆகியவற்றை முடித்துவைத்தவர் அவருக்குப்பின் அத்துறையை ஏற்ற மற்றொரு தலித் தலைவர், பாபு ஜகஜீவன் ராம். நம் நினைவில் அவருக்கும் இடமுண்டு.

அனைவருக்கும் காப்பீடு என்ற கனவு

1947இல் அரசியல் நிர்ணய சபைக்காக எழுதிய மாநிலங்களும் சிறுபான்மையினரும் என்ற ஆவணத்தில், அம்பேத்கர் தொழிலாளர் துறையில் கற்றதையும் தாண்டிச் சென்றார். முக்கியத் தொழில்களும் வேளாண் நிலமும் அரசுடைமையாக வேண்டும். காப்பீடு முழுவதும் அரசிடம் இருக்க வேண்டும். வயதுவந்த ஒவ்வொருவரும் தம் ஊதியத்திற்கேற்ற ஆயுள் காப்பீட்டை எடுப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்று அதில் முன்மொழிந்தார். வேலையின்றி நிற்பவரிடம் அடிப்படை உரிமைகளைப் பற்றிப் பேசினால், ஒரு வேலைக்காக அவ்வுரிமைகளை விட்டுக்கொடுக்கவே அவர் தயாராவார் என்பது அவர் வாதம். அரசின் தலையீடு இல்லாத இடத்தில் நிலவுவது முதலாளியின் தனியாட்சிதான் என்பதையும் அவர் சுட்டினார். சங்கம் சேர்ந்தால் வேலை போகும் என்று அஞ்சும் எந்த ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இந்த வாதத்தை விளக்க வேண்டியதில்லை.

அந்தத் திட்டம் ஏற்கப்படவில்லை. வேலைக்கான உரிமையும், முதுமையிலும் நோயிலும் அரசு உதவியும் பிரிவு 41இல், வாழ்வூதியம் பிரிவு 43இல், வழிகாட்டு நெறிகளாக மட்டும் இடம்பெற்றன. அவற்றைக் காட்டி நேரடியாக வழக்குத் தொடுக்க இயலாது. அம்பேத்கர் அமைச்சரவையிலிருந்து விலகிய பிறகே, 1952இல், வருங்கால வைப்பு நிதிச் சட்டம் வந்தது. பணிக்கொடைச் சட்டம் 1972 வரை காத்திருந்தது.

தேர்வாய் கண்டிகையின் கேள்வி

கும்மிடிப்பூண்டி வட்டத்தில் தலித்துகள் பெரும்பான்மையாக வாழும் ஊர் தேர்வாய் கண்டிகை. ஊரையொட்டி ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட மேய்ச்சல் காடு இருந்தது. அந்த மக்களுக்கு அதுவே கால்நடைத் தீவனம், விறகு, ஏரிகளுக்கு நீர்வரத்து. கூலிக்குச் செல்ல முடியாத முதியவர்களும் ஆடு மேய்த்துப் பிழைத்த அந்தக் காடு, ஒருவகையில் ஊரின் ஓய்வூதியமாக இருந்தது. அங்கே சிப்காட் வளாகம் அமைக்கப்பட்டபோது மக்கள் பல ஆண்டுகள் போராடினர். அங்கு ஆலை தொடங்கிய பிரெஞ்சு டயர் நிறுவனமான மிச்செலின் தொடர்பாக, ஊர்ச் சங்கமும் தமிழக, பிரெஞ்சு அமைப்புகளும் 2012இல் பிரான்சிலேயே முறையீடு செய்தன. ஆலைகள் வந்துவிட்டன. பட்டா இல்லாத பொதுநிலத்தில் தலைமுறைகளாக உழைத்தவர்களுக்கு, உரிமையாளர் என்ற தகுதியைச் சட்டம் தரவில்லை. நிரந்தரத் தொழிலாளர் என்ற தகுதியாவது கிடைத்ததா என்பதே இன்று கேட்கவேண்டிய கேள்வி.

அந்தத் தகுதிக்குத் தமிழ்நாட்டில் ஒரு வலுவான சட்டம் உண்டு. 24 மாதங்களில் 480 நாட்கள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது 1981ஆம் ஆண்டின் தொழிலாளர் நிரந்தரத் தகுதிச் சட்டம். 480 நாட்களை எட்டும் முன் செயற்கையான இடைவெளி தருவதும், ஒப்பந்ததாரரை மாற்றுவதும் அதைத் தவிர்க்கும் வழிகள். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணிநேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பால் சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டு, மே நாளில் திரும்பப் பெறப்பட்டது.

2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அனைவருக்கும் பணி நியமனக் கடிதம், குறித்தகாலத் தொழிலாளருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை ஆகியவை அவற்றில் பயனுள்ளவை. அவற்றை நாம் கேட்டுப் பெற வேண்டும். ஆனால் நிலையாணைகள் கட்டாயமாகும் வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300ஆக உயர்ந்துவிட்டது. வேலைநிறுத்தத்திற்கு முன்னறிவிப்பு எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் கட்டாயமாகிவிட்டது. 1946இல் எழுதப்பட்ட விதி பின்வாங்குகிறது. 1938இல் எதிர்க்கப்பட்ட விதி புதிய உருவில் திரும்புகிறது.

ஓய்வின்றி முடிந்த வாழ்வு

அம்பேத்கருக்கு ஓய்வுக்காலம் என்று ஒன்று வாய்க்கவில்லை. 1951 செப்டம்பரில் இந்துச் சட்ட மசோதா கைவிடப்பட்ட நிலையில் சட்ட அமைச்சர் பதவியைத் துறந்தார். 1952, 1954 மக்களவைத் தேர்தல்களில் தோற்றார். நீரிழிவும் நரம்புவலியும் வாட்டிய அந்த ஆண்டுகளில் மாநிலங்களவையில் பேசினார், கல்லூரிகளை வளர்த்தார், புத்தரும் அவர் தம்மமும் நூலை எழுதினார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் லட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6 அன்று டில்லி, அலிப்பூர் சாலை இல்லத்தில் உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. அந்நூல் அவர் மறைவுக்குப் பின்னரே அச்சில் வந்தது.

படைவேலையின் ஓய்வூதியம் ஒரு சுபேதாரின் மகனுக்குப் புத்தகம் வாங்கித் தந்தது. அந்த மகன் கோடிக்கணக்கானோரின் முதுமைக்குச் சட்டம் தேடினார். கும்மிடிப்பூண்டியிலும் திருவள்ளூரிலும் இன்று நாம் செய்யக்கூடியது எளிய வேலையே. ஒவ்வொரு தொழிலாளரும் தம் பி.எஃப். பதிவுகளையும் இ.எஸ்.ஐ. எண்ணையும் சரிபார்க்கட்டும்; சம்பளச் சீட்டையும் வாயில் அட்டையையும் பத்திரப்படுத்தட்டும்; நியமனக் கடிதத்தை எழுத்தில் கேட்கட்டும்; 480 நாட்களை எண்ணி வைக்கட்டும். சட்டம் படிக்கும் மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சேரிக்கு வந்து இந்தக் காகிதங்களை ஒழுங்குபடுத்த உதவட்டும். சிலைக்கு மாலையிடும் நாளில் அதன் அடியிலேயே ஒரு மேசையைப் போட்டு இப்பணியைத் தொடங்கலாம்.